ஆட்டக்காரன் காசு வாங்கலாமா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் தம்பி என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சார், விளையாட்டைப் பத்தி ஏதாவது சொல்லுங்க, பத்து நிமிஷம் போதும்" என்றார். முப்பது வருஷம் வெயிலில் விசில் ஊதியவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் என்றால் நடக்கிற காரியமா? ஆனாலும் இன்று பொதுப்படையாகப் பேச நான் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நம் சங்கப் பொதுக்குழு ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொள்ளப் போகிறது. கல்லூரி அணிகளில் ஆடும் மாணவ மாணவியருக்குச் சங்க நிதியிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கலாமா, கூடாதா என்பதுதான் அது.

செயற்குழுவில் இதைப்பற்றி இரண்டு கட்சி. மூத்த அண்ணன் ஒருவர் எழுந்து, "காசு பார்த்த பையன் ஆட மாட்டான், கணக்குப் பார்ப்பான். நம்ம காலத்துல யாரு காசு குடுத்தா? வெறும் கால்ல ஆடலையா?" என்று கேட்டார். அவர் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரோ, "இங்கே காலேஜே சம்பளம் மாதிரி கொடுக்க ஆரம்பிச்சாச்சு, நாம இன்னும் என்ன யோசிக்கிறோம்?" என்று எழுதியிருந்தார். அதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு உண்மைக்கும் நடுவில் நம் கிராமத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஓட்டுப் போடுவதற்கு முன் நான் அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். கல்லூரி விளையாட்டில் இரண்டு கேள்விகள் உண்டு. "இவன் காசு வாங்கினானா?" என்பது ஒன்று. இதைத்தான் அமெச்சூர் விதி என்கிறோம். "இவன் உண்மையில் இந்தக் கல்லூரி மாணவன்தானா?" என்பது மற்றொன்று. இது தகுதி விதி. பேச்சில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். முதல் விதியைத் தளர்த்தினால் இரண்டாவதும் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். முதலாவது செத்துவிட்டதால் இரண்டாவதும் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் பிசகு என்பது என் கட்சி.

அமெச்சூர் என்றால் ஆசைக்காக ஆடுகிறவன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதி பிறந்த கதையைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஹென்லி என்ற ஊரில் பெயர்பெற்ற படகுப் போட்டி நடக்கிறது. 1879ல் அவர்கள் ஒரு விதி எழுதினார்கள். காசுக்குப் போட்டியிட்டவன் அமெச்சூர் ஆகமாட்டான் என்பதோடு நிற்கவில்லை. கைத்தொழில் செய்கிறவன், மெக்கானிக், கூலி வேலை செய்கிறவன் எவனும் அமெச்சூர் அல்ல என்றும் எழுதினார்கள். அவன் ஆட்டத்துக்காக ஒரு பைசா வாங்கியிருக்க வேண்டியதில்லை. உழைத்துச் சாப்பிட்டால் போதும், கதவு சாத்தியாயிற்று! கிரிக்கெட்டிலும் அதே கதைதான். காசு வாங்காதவர் "ஜென்டில்மேன்", வாங்கியவர் வெறும் "பிளேயர்". ஒரே அணியில் ஆடினாலும் உடை மாற்றும் அறை வேறு. இந்தப் பிரிவினை 1962ன் கடைசியில்தான் அங்கே ஒழிந்தது. காசு வாங்காமல் ஆடுவது உயர்ந்த குணம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், காசு தேவைப்படாத குடும்பத்துக்காரர்கள். இதை மறக்கக் கூடாது.

ஜிம் தார்ப் என்ற பெயரை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பழங்குடி இனத்தவர். கார்லைல் என்ற இடத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட பள்ளியில் படித்தவர். 1912ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். அடுத்த வருஷம் ஜனவரியில் ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது. 1909லும் 1910லும் கோடைக் காலத்தில் வட கரோலினாவில் ஒரு சின்ன பேஸ்பால் அணியில் சொற்பக் காசுக்கு ஆடியிருக்கிறார் என்று. அவ்வளவுதான், இரண்டு தங்கமும் பறிபோயின. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கல்லூரிப் பையன்கள் பலர் கோடையில் போய்க் காசுக்கு ஆடினார்கள். ஆனால் பொய்ப் பெயரில் ஆடினார்கள். தார்ப் சொந்தப் பெயரில் ஆடினார், அகப்பட்டுக்கொண்டார். ஆட்சேபம் தெரிவிப்பதென்றால் போட்டி முடிந்து 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருந்தது. அதையும் யாரும் பார்க்கவில்லை. அவர் 1953ல் காலமானார். 1982ல்தான் ஒலிம்பிக் குழு மனம் இறங்கியது. 1983ல் அவருடைய பிள்ளைகளிடம் பதக்கங்களைக் கொடுத்தார்கள். அப்போதும் இணை வெற்றியாளர் என்றுதான் போட்டார்கள். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவிக்க 2022 ஆயிற்று. நூற்றுப் பத்து வருஷம்! பொய் சொன்னவன் தப்பித்தான், உண்மைப் பெயரைச் சொன்னவன் மாட்டினான். இப்படி ஒரு விதி யாரை வளர்க்கும்? பொய்யனைத்தான் வளர்க்கும்.

நம் பக்கத்துக்கு வருவோம். டென்னிஸ் ராமநாதன் கிருஷ்ணன் அவர்களைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னை இலயோலா கல்லூரியில் பெர்ட்ரம் போட்டி என்று கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு போட்டி. 1951ல் கிருஷ்ணன் பள்ளிக்கூடப் பையன். விதிப்படி ஆட முடியாது. கல்லூரி முதல்வர் சிறப்பு அனுமதி கொடுத்தார். பையன் ஆடினான், கோப்பையையும் ஜெயித்துவிட்டான்! மூன்று வருஷத்தில், 1954ல், விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி. அனுமதி கேட்டு, பெயர் சொல்லி, வயது சொல்லி ஆடிய ஆட்டம் அது. விதியை வளைப்பதென்றால் இப்படி வளைக்க வேண்டும். திருட்டுத்தனமாக இல்லை.

அவருடைய வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் தொழில்முறை டென்னிஸ் குழு நடத்திவந்தார். பெருந்தொகை தருகிறேன், வா என்று கிருஷ்ணனைக் கூப்பிட்டார். கிருஷ்ணன் போகவில்லை. போயிருந்தால் விம்பிள்டனும் இல்லை, டேவிஸ் கோப்பையும் இல்லை. தொழில்முறைக்காரர்களுக்கு அங்கே இடமில்லாத காலம். அவர் இருந்ததால் 1966ல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி வரை போனது. அந்தச் சுவர் 1968ல் இடிந்தது. அதற்குப் பிறகு காசு வாங்குகிறவரும் வாங்காதவரும் ஒரே வலையின் இரு பக்கமும் நின்று ஆடினார்கள். டென்னிஸ் கெட்டுவிட்டதா? இல்லையே. கிருஷ்ணனின் மகன் ரமேஷ் அந்தக் காசு வாங்கும் காலத்தில்தான் ஆடினார். 1987ல் இந்தியாவை மறுபடியும் டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். அப்பாவின் தியாகத்தை மதிக்கலாம். அதையே எல்லாப் பிள்ளைக்கும் சட்டமாக்க முடியாது.

இனி நம் கபடிக்கு வருகிறேன். இந்திய தடகளச் சம்மேளனத்தின் பெயரில் முன்பு "அமெச்சூர்" என்ற சொல் இருந்தது; பிறகு எடுத்துவிட்டார்கள். நம் கபடிச் சம்மேளனத்தின் பெயரில் அந்தச் சொல் அப்படியே நின்றது. 2014ல் புரோ கபடி வந்தது. பெயர்ப் பலகையில் அமெச்சூர், மேட்டின் மேல் கோடி ரூபாய்! 2022 ஏலத்தில் பவன் செராவத் என்ற ரைடரைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 இலட்சத்துக்கு எடுத்தது. இது நடக்கும் நாட்டில் நம் பையன் ஐநூறு ரூபாய் பஸ் செலவு வாங்கினால் பாவம் என்று யாரால் சொல்ல முடியும்?

நம் ஊர்ப் பக்கம் காணும் பொங்கல், ஆடித் திருவிழா என்றால் கபடி இல்லாமல் நடக்காது. டியூப் லைட் கட்டி, மைக் செட்டு வைத்து, விடிய விடிய ஆட்டம். முதல் பரிசு ரொக்கமும் சுழற்கோப்பையும். 55 கிலோ, 65 கிலோ என்று எடைப் பிரிவு. அணிக்கு ஆள் போதவில்லை என்றால் "கெஸ்ட் பிளேயர்". சாப்பாடு, பெட்ரோல், கையில் கொஞ்சம் காசு. நம் கல்லூரி கபடிப் பசங்க இந்த மண்ணில்தான் வளர்ந்தாங்க, இந்தக் காசில்தான் ஷூ வாங்கினாங்க. இது எல்லாருக்கும் தெரியும், பி.டி. மாஸ்டருக்கும் தெரியும். அரசாங்கமே முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று தனிப்பிரிவு வைத்து ரொக்கப் பரிசு கொடுக்கிறது. ஆக, காசு வாங்காத கல்லூரி ஆட்டக்காரன் என்பவன் நம் ஜில்லாவில் எப்போதோ இல்லாமல் போய்விட்டான். தீர்மானத்தை எதிர்க்கும் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. இல்லாத ஒன்றைக் காப்பாற்ற நாம் ஏன் பாடுபட வேண்டும்?

ஆனால் இரண்டாவது கேள்வி இருக்கிறதே, "இவன் மாணவன்தானா?" என்பது, அங்கே நான் ஓர் அங்குலமும் விட மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

நம் நாட்டில் பல்கலைக்கழக விளையாட்டை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925ல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாகத் தொடங்கி, 1973ல் இந்தப் பெயர் பெற்றது. அவர்களுடைய விதிகளின் சாரம் இதுதான். முழுநேர மாணவனாக இருக்க வேண்டும். தபால்வழிப் படிப்பு செல்லாது. முழுநேர வேலையில் இருப்பவன் ஆட முடியாது. வயது 17க்குக் குறையாமல், 25ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்து இத்தனை வருஷத்துக்குள் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரே கல்வியாண்டில் இரண்டு பல்கலைக்கழகத்துக்கு ஆட முடியாது. இந்தப் பட்டியல் முழுக்க "நீ யார், எங்கே படிக்கிறாய், எத்தனை வயது?" என்றுதான் கேட்கிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? அமெரிக்காவில் கல்லூரி ஆட்டத்தின் பலன் டிக்கெட்டும் டெலிவிஷனும். நம்மிடம் டிக்கெட்டும் கிடையாது, டி.வி.யும் கிடையாது. இங்கே பலன் ஒரு காகிதம். பல்கலைக்கழகத்துக்காக அகில இந்தியப் போட்டியில் ஆடினால் மூன்றாம் எண் படிவத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். மத்திய அரசு வேலை விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது செல்லும். ரயில்வே, போலீஸ், வங்கி, ஐ.சி.எஃப். என்று எத்தனையோ வாசல் அதைக் காட்டித்தான் திறக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காகிதம் ஒரு காணி நிலத்துக்குச் சமம். அதனால்தான் போலி வருகிறது. தகுதியில்லாத ஒருவனை அணியில் சேர்த்தால் வெறும் கோப்பையா கைமாறுகிறது? தகுதியுள்ள ஒருவனின் வேலை, அவன் தங்கையின் கல்யாணம், அவன் வீட்டுக் கூரை எல்லாம் சேர்ந்து கைமாறுகிறது.

நான் திருவாமாத்தூர்க்காரன். அபிராமேசுவரர் கோயிலும், மூவர் தேவாரம் பெற்ற பெருமையும் உங்களுக்குத் தெரிந்தது. எங்கள் ஊர் வட்டப்பாறையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் முன் பொய்ச்சத்தியம் செய்தால் தண்டனை தப்பாது என்பது இந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கை. கடன் தகராறு, வரப்புத் தகராறு என்று சத்தியம் வாங்க அங்கே கூட்டிப்போவார்கள். அந்தப் பாறைக்கு ஒரு கதை உண்டு. அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனுடைய பணத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். சத்தியம் செய்யக் கூப்பிட்டார்கள். தம்பி என்ன செய்தான் தெரியுமா? ஒரு தடியைக் குடைந்து, பணத்தை அதற்குள் போட்டு அடைத்தான். பாறை முன் வந்ததும், "அண்ணே, இதைக் கொஞ்சம் பிடி" என்று தடியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, "என்னிடம் எதுவும் இல்லை, எல்லாம் அண்ணனிடமே இருக்கிறது" என்று சத்தியம் செய்தான். வார்த்தைக்கு வார்த்தை உண்மை! ஆனாலும் தெய்வம் விடவில்லை, வழியில் பாம்பு தீண்டியது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள்.

அமெச்சூர் விதி நடந்த இடமெல்லாம் இந்தத் தடிதான் நடந்தது. "எங்கள் ஆட்டக்காரருக்கு நாங்கள் சம்பளம் தருவதில்லை" என்று சத்தியம். வேறு கணக்கில் செலவுத் தொகை, வேலை செய்யாத வேலை, கவருக்குள் பணம். தகுதிப் படிவத்திலும் இதே தடி. அணி வேண்டும் என்பதற்காக அட்மிஷன் போட்டுவிட்டு, வகுப்பறைப் பக்கமே வராத ஒருவனை "எங்கள் மாணவன்" என்று எழுதுவது. ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிறது, சத்தியம் பொய்யில்லை. ஆனால் தடிக்குள் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆள் மாறாட்டத்தால் வரும் கேட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். ஒரு போட்டிக்கு அணியில் ஒருவன் வரவில்லை. அவனுக்குப் பதில், கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு கிராமத்துப் பையனை அவன் பெயரிலேயே இறக்கினார்கள். நல்ல கார்னர். காலைப் பிடித்தால் உடும்புப் பிடி. இரண்டாவது ஆட்டத்தில் முழங்கால் திரும்பிவிட்டது. தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உண்மைப் பெயரைச் சொன்னால் அணி தகுதியிழக்கும். பொய்ப் பெயரைச் சொன்னால் நாளை எந்த உதவிக்கும் அவன் கேட்க முடியாது. கடைசியில் சொந்தப் பெயரைத்தான் எழுதினார்கள், ஆனால் "வயலில் விழுந்துவிட்டான்" என்று சொல்லி. அந்த அணி கோப்பை வாங்கியது. சான்றிதழ் வீட்டில் படுத்திருந்தவன் பெயருக்குப் போனது. கால் போனவன் பெயர் ஸ்கோர் ஷீட்டில்கூட இல்லை. அவனுடைய அம்மா என்னிடம், "என் புள்ள ஆடினான்னு ஒரு காயிதம் குடுங்க சார், மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்று கேட்டார்கள். எந்தக் காகிதத்தைக் கொடுப்பது?

சற்று முன் பவன் செராவத்தைச் சொன்னேன். 2 கோடியே 26 இலட்சம் கொடுத்து எடுத்த தமிழ் தலைவாஸுக்கு அவர் ஆடிய முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டது. அந்த சீசன் முழுக்க ஆட முடியவில்லை. ஆனால் அவருக்கு ஒப்பந்தம் இருந்தது, டாக்டர் இருந்தார், பெயர் இருந்தது. அடுத்த ஆண்டு ஏலத்தில் இன்னும் அதிக விலைக்குப் போனார். முழங்கால் எல்லாருக்கும் ஒன்றுதான். சொந்தப் பெயரில் ஆடினவன் எழுந்து வந்தான், அடுத்தவன் பெயரில் ஆடினவன் எழுந்திருக்க ஆளில்லை. தகுதி விதி என்பது ஆட்டக்காரனைத் தடுக்கும் வேலி என்று நினைக்கிறோம். அது அவனுக்குக் காப்பும் கூட.

அமெரிக்காவைக் காட்டிப் பேசும் நண்பருக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கல்லூரி விளையாட்டை ஆள்வது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. 1950களில் கால்பந்து ஆடி இறந்துபோன ஒரு மாணவனின் மனைவி, தொழிலாளிக்குரிய நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். ஆட்டக்காரன் தொழிலாளி என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து அந்த அமைப்பு "மாணவ வீரன்" என்ற சொல்லைக் கண்டுபிடித்துப் பரப்பியது. இதை நான் சொல்லவில்லை. அதன் நிர்வாகத்தை 1951 முதல் 1988 வரை நடத்திய வால்டர் பையர்ஸ் தாமே 1995ல் எழுதிய நூலில் ஒப்புக்கொண்டார். பயிற்சியாளர்களுக்குக் கோடிக் கணக்கில் சம்பளம், ஆடும் பையனுக்குப் படிப்புச் செலவு மட்டும். இது எழுபது வருஷம் நடந்தது. 2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. 2025 ஜூனில் ஒரு வழக்குச் சமரசத்தின்படி கல்லூரியே ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பணம் தரலாம் என்று ஆகிவிட்டது. ஒரு கல்லூரி ஓராண்டில் இரண்டு கோடி டாலர் வரை, அதற்கு மேலும் கொஞ்சம்.

சந்தோஷம். ஆனால் கூடவே என்ன வந்தது? பழைய மாணவர்களும் பணக்கார ரசிகர்களும் சேர்ந்து நிதி திரட்டி, பக்கத்துக் கல்லூரிப் பையனை இழுத்து வருகிறார்கள். ஒரே பையன் மூன்று நான்கு கல்லூரி மாறுகிறான். டிகிரி எங்கே வாங்குவான்? சில கல்லூரிகள் காசு வராத நீச்சல் போன்ற அணிகளைக் கலைத்துவிட்டன. காசுக் கேள்வி தீர்ந்ததும் வழக்கெல்லாம் தகுதிக் கேள்விக்குத் திரும்பிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் ஆட விடுங்கள் என்று மாணவர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள். முதல் விதியை விட்டாலும் இரண்டாவதை விடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே தீர்மானத்தை நான் ஆதரிக்கிறேன், சில நிபந்தனைகளோடு.

முதலாவது, பணம் வெளிச்சத்தில் போக வேண்டும். கல்லூரி அலுவலகத்துக்குத் தெரிந்து, ரசீது போட்டு, மாணவன் வங்கிக் கணக்குக்கு. கவரில் வைத்துக் கையில் திணிப்பது கூடாது. தடி வேண்டாம்.

இரண்டாவது, ஜெயித்தால் இவ்வளவு என்று விலை வைக்கக் கூடாது. அணியில் இருக்கும் அத்தனை பேருக்கும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் உட்பட, ஒரே அளவு. முட்டை, பால், ஷூ, பஸ் செலவுக்கு ஆகிற அளவு. பையன் காலை ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வர வேண்டும் என்கிறோம். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவன் எத்தனை மணிக்கு எழுந்து, என்ன சாப்பிட்டுவிட்டு வருவான் என்று யாராவது கேட்டோமா?

மூன்றாவது, முதல் செலவு காப்பீடு. பெயர், பிறந்த தேதி, புகைப்படத்தோடு ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடு போட்ட பிறகுதான் ஜெர்சி. இதில் ஒரு லாபமும் இருக்கிறது. காப்பீட்டில் பெயர் இருப்பவன் மட்டும்தான் களம் இறங்குவான் என்றால் ஆள் மாறாட்டம் தானாகவே நிற்கும்.

நான்காவது, மாணவிகள் அணிக்கும் அதே தொகை, அதே நாளில். நம் பெண் பிள்ளைகள் வெளியூர் போட்டிக்குப் போக அப்பாவிடம் அனுமதி வாங்குவதே ஒரு செமி ஃபைனல். செலவுக்கும் கை ஏந்த வைக்கக் கூடாது.

ஐந்தாவது, சங்கத்தின் பணத்தைக் காட்டி வேறு கல்லூரியிலிருந்து ஆள் இழுக்கக் கூடாது. நம்மிடம் சேர்ந்து, நம் வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குத்தான் நம் பணம். போட்டிக்குப் போய்ப் பாடம் தவறியவனுக்கு மாலையில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுக்க, ஓய்வு பெற்ற நம் ஆசிரியப் பெருமக்கள் மனம் வைக்க வேண்டும். அரியரோடு வெளியே போகிற கபடி வீரனுக்குச் சான்றிதழ் இருந்தும் பல வாசல் திறக்காது.

இதற்கு எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு முன்மாதிரி உண்டு. திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. கண் இல்லாதவர் மற்றவரைத் தோளில் சுமப்பார், கால் இல்லாதவர் வழி சொல்வார். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இனிமேல் ஓட முடியாது. முழங்கால் வலி யாருக்கு இல்லை, சொல்லுங்கள்! ஆனால் வழி தெரியும். பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்குக் கால் இருக்கிறது.

கடைசியாக மாணவச் செல்வங்களுக்கு இரண்டு வார்த்தை. தம்பிங்களா, கிராமத்துப் போட்டியில் ஆடுங்கள், பரிசு வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த மைதானத்திலும் அடுத்தவன் பெயரில் இறங்காதீர்கள். "ஒரே ஒரு மேட்ச்தான்டா மச்சான், யாருக்குத் தெரியப் போவுது" என்பான். நம்பாதீர்கள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவனைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். 2010லிருந்து வயது மோசடிக்கென்றே மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் தனி நெறிமுறை இருக்கிறது. எலும்பை எக்ஸ்ரே எடுத்தே பார்க்கிறார்கள். பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., போட்டிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் தகுதிச் சுற்றறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லி உங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் கேளுங்கள். நடுவில் வேலை கிடைத்தால் சந்தோஷமாகப் போய்ச் சேருங்கள். ஆனால் சேர்ந்த பிறகு "இன்னும் மாணவன்தான்" என்று வந்து ஆடாதீர்கள். அந்த இடம் உங்கள் ஜூனியருடையது.

ஆட்டக்காரன் காசு வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். தீர்மானத்துக்குக் கை தூக்கும்போது இதை நினைவில் வையுங்கள் என்று கேட்டு, சாப்பாடு ஆறுவதற்குள் விடைபெறுகிறேன்.